இரும்பு தின்ற மரங்கள்

மியூஸ் ஆற்றுக்குக் கிழக்கே, மேட்டுக் காட்டில்
ஒதீல் கொலின்யோன் மரங்களுக்கு வண்ணம் பீய்ச்சுகிறாள்.
ஆரஞ்சுக் கோடு என்றால் வெட்டலாம்.
நீலம் என்றால் நிற்கட்டும்.
இரண்டும் இல்லையென்றால்
அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை.

பள்ளத்தாக்கில் ரம்ப ஆலை வைத்திருக்கும் தியெரியே
இந்தக் காட்டுக் கட்டையைச் சந்தேகத்தோடுதான் வாங்குவார்.
முதலில் உலோகக் கருவியால் தடவுவார்;
கூவினால் விறகுக் குவியலுக்கு.
போன பிப்ரவரியில்
சண்டைக்கு முன்பே நின்ற ஓக் ஒன்று கருவியை ஏமாற்றியது.
பன்னிரண்டு பற்கள் போயின ரம்பத்துக்கு.
பிளந்து பார்த்தால் வளையங்களுக்கு நடுவே
கட்டைவிரல் அளவு எஃகு.
சுற்றிலும் மரம் மை கொட்டியதுபோல் கறுத்திருந்தது.
தியெரியே திட்டவில்லை.
பற்களை எண்ணி பில் எழுதினார்,
யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல்
இழுப்பறையில் போட்டு மூடினார்.

முற்றுகைக்குப் போகிறவன் உழிஞை சூடுவான் என்று
இலக்கணம் வகுத்த மொழியிலிருந்து வருகிறேன் நான்.
இங்கே எவரும் எதையும் சூடவில்லை.
பூ பிறகுதான் வந்தது, அழைக்காமல்,
குதிரைத் தீவன மூட்டையில், லாயத்து வைக்கோலில்,
கடல் தாண்டிய படையின் பூட்ஸ் மண்ணில்.
நீலக்கண் புல் என்று ஒன்று,
அமெரிக்காவிலிருந்து வந்தது.
ஜூன் மாதம் மட்டும்
இல்லாமல்போன ஒரு லாயத்தின் நான்கு மூலைகளையும்
தரையில் வரைந்து காட்டுகிறது.
அதைக் கொண்டுவந்தவன் ஊர் திரும்பினானோ என்னவோ,
புல் திரும்பவில்லை.

வோசெல்மோன் என்றொரு ஊர் இருந்தது.
இப்போது அதற்கு ஒரு மேயர் உண்டு,
ஒரு வீடுகூட இல்லை.
ஒதீல் அந்த ஊரைச் செடி பார்த்தே படிக்கிறாள்.
காஞ்சொறி இடுப்பளவு செழித்திருந்தால் மாட்டுத்தொழுவம்.
நித்தியகல்யாணியின் குளிர்நாட்டுத் தங்கை
தரையோடு படர்ந்திருந்தால்
மெல்ல நட, கல்லறைத் தோட்டம்.
முள்நெல்லிப் புதர் நிற்பது
யாரோ ஒருத்தியின் சமையலறைக் கதவருகே.
பனிக்கால வெண்பூக்கள் நேர்வரிசையில் முளைத்தால்
யாரோ குனிந்து நட்டது.

ஸ்ப்ரூஸ்களும் நேர்வரிசைதான்.
இனி இங்கே ஏர் இறங்காது என்று முடிவு செய்தவர்கள்
மேட்டை மூட நட்டவை.
அடியில் என்ன இருக்கிறதென்று கேட்காமல்
அவை தொண்ணூறு வருடம் நிழல் தந்தன.

பிறகு மூன்று வறண்ட கோடைகள்.
பட்டைக்குள் வண்டு.
துருப்பிடித்த நிறத்தில் நின்ற மலைச்சரிவை
ஒரு வாரத்தில் லாரியில் ஏற்றினார்கள்.
நிழல் போனதும் நிலம் தெரிந்தது:
குழிக்குள் குழி, குழியின் விளிம்பில் குழி,
கொதிக்கும்போதே உறைந்துபோன கூழ்.

கூட்டம் போட்டார்கள்.
மேயர் சொன்னார்: இப்படியே விடுங்கள், பார்க்கட்டும்.
ஒருவர்: திரும்ப நடுங்கள், பார்த்தது போதும்.
கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்:
அதற்கும் முன்னால் இது பிளம் தோப்பு,
அந்த வருடத்தைக் கேட்க யாருமில்லையா?
ஒதீல் எந்த வருடத்தையும் கேட்கவில்லை.
'குழிகளில் தண்ணீர் நிற்கிறது,' என்றாள்.
'மஞ்சள் வயிற்றுத் தேரை முட்டையிட்டிருக்கிறது.
ஆகஸ்ட் வரை இயந்திரம் இறங்கக்கூடாது.'
வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள்
அதற்குக் கை தூக்கினார்கள்.

ஆகஸ்டுக்குள் பிர்ச் வந்துவிட்டது,
யார் கையும் படாமல், வரிசை தெரியாமல்,
குழிச் சரிவுகளில் கண்டபடி.
'இதை எப்போது வெட்டலாம்?' தியெரியே கேட்டார்.
'அறுபது வருடம்.'
'இதிலும் இரும்பு இருக்குமா?'
அவள் தோளைக் குலுக்கினாள்.
புல்தண்டைவிடச் சற்றே தடித்த கன்றுகள்,
கோடு போட இடமில்லை.
பழக்கத்தில் டப்பாவை ஆட்டினாள்.
உள்ளே அந்தச் சின்னக் குண்டு
கடகடவென்று உருண்டது.