பச்சையில்லாதது

பச்சையாய் நிற்பதெல்லாம்
மண்மட்டம்வரை வெட்டப்பட வேணும்,
பிறகுதான் டிடெக்டர்.
முதல் நாளே சொல்லித்தந்த விதி.

வசாவிளானில் கூரை விழுந்த ஒரு வீட்டின் பின்வளவு.
ஒரு மீற்றர் அகல ஓடையில் முழங்காலில் நான்.
முகக்கண்ணாடியில் என் மூச்சு.
இருபத்தெட்டு வருசத்துப் பலாவிலை
ஒருவரும் கூட்டாமல் உக்கி
புகையிலைக் குடில்போல மணத்தது.

அதற்குள் நின்றது.
விரலுயரம். ஓரிலையும் இல்லை.
பனங்கிழங்குத் தும்பின் நிறத்தில் தண்டு,
நுனியில் பால்பல் அளவில் ஒரு பூ.
கத்தரியைக் கொண்டுபோனேன்.
வைத்துவிட்டேன்.
பச்சை என்றுதானே விதி.

ஒளித்தொகுப்புச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதி
ஓ.எல்.லில் விஞ்ஞானம் சித்தியடைந்தவள் நான்.
சூரியஒளி, நீர், காபனீரொட்சைட்டு.
இதற்கு அம்புக்குறியை எங்கே போடுவது?

தேத்தண்ணி நேரம்
கம்பஸில் படிக்கும் தர்மினியின் தம்பி போனில் சொன்னான்:
"அது ஓர்க்கிட் அக்கா. தானாச் சமைக்காது.
உக்கலைத் தின்னுது பங்கசு,
பங்கசைத் தின்னுது அது.
சாடியில வைச்சா செத்துப்போம்.
வளவையும் சேர்த்துத் தூக்கேலுமெண்டா கொண்டுவாங்கோ."

"நிவாரணத்தில வாழுதெண்டு சொல்லு"
சிரித்தான் மேற்பார்வையாளன் றெஜினோல்ட்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எங்கள் நிவாரணக் காட்டின் இலக்கம்
இன்னும் பாடம் எனக்கு.
நாங்கள் ஒருவரும் அப்போது பூக்கவில்லை.

பூவுக்கு மேலால் தூக்கிப் பிடித்தால்
நாலு விரல் ஆழம் டிடெக்டருக்குக் கேட்காது.
அந்த நாலு விரலுக்காக
பக்கத்திலிருந்து சரித்துச் சரித்து ஊசியால் குத்தினேன்,
மண்ணைக் கரண்டி கரண்டியாய் எடுத்து
திரும்ப வைத்தேன்.
பின்னேரமாகிவிட்டது.
நாளாந்தப் படிவத்தில்:
ஆணி ஒன்பது. பேணிமூடி ஒன்று.
வெற்றுக் கோது ஒன்று.
வேலை இரண்டு சதுர மீற்றர் குறைவு.
காரணம் என்ற கட்டத்தில்
பேனையை வைத்து எடுத்தேன், ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.

அடுத்த நாள் காலை பூ இல்லை.
ஈரத்தாள்போலச் சுருண்டு கிடந்தது.
தண்டோ ஒரு சாண்.
லைற் இல்லாத அந்த வளவில்
ஓரிரவுக்குள், பூத்து முடித்த பிறகு,
வளர்ந்திருந்தது:
உச்சியில் காயை ஏந்திக்கொண்டு,
என் முகக்கண்ணாடி மட்டத்துக்கு.

வளவுக்காரர் வெள்ளிக்கிழமைக்கு
ஜே.சி.பி. சொல்லிவைத்திருக்கிறாராம்.
இன்று செவ்வாய்.
வாடை இன்னும் எழும்பவில்லை.