தொண்ணூற்றொன்பது

திருநெல்வேலி வளாகத்தில், மின்விசிறி ஓடாத அறையில்
நானூற்றுப் பன்னிரண்டாம் படிவத்தைக்
கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு,
பதில் இல்லை என்றால் தொண்ணூற்றொன்பது.

எண்ண வந்தவர்கள் எங்களுக்குப் புதிதல்ல.
ஒல்லாந்தன் தோம்பு எழுதினான்,
பனை எத்தனை, பரப்பு எத்தனை என்று.
வழமையையும் கேட்டுத்தான் எழுதினான்;
கேட்டது முதலிமாரிடம்.
பிறகு இங்கிலீசுக்காரன்
பத்து வருசத்துக்கு ஒருக்கால் தலை எண்ணினான்.

ஐம்பத்தேழில் ஹோல்ம் வந்தார்.
எண்ண அல்லவாம், விளங்கிக்கொள்ள.
புட்டைக் கையால் குழைத்துச் சாப்பிட்டதை
முன்னுரையில் சொல்லியிருக்கிறார்.
ஒருவருக்கும் தீங்கு வரக்கூடாதென்று
எங்கள் ஊருக்கு வேறு பெயர் வைத்தார்.
அந்தப் பெயரில்தான்
உலகம் எங்களைப் படிக்கிறது.

போன கிழமை அவருடைய மகள்
களக் குறிப்பேடுகளைப் படம்பிடித்து அனுப்பியிருந்தாள்.
வீடு ஒன்றிலிருந்து அறுபத்தொன்று வரை
முக்கோணம் ஆண், வட்டம் பெண்,
கலியாணத்துக்கு இரட்டைக் கோடு,
ஏழு தலைமுறை, பக்கம் பக்கமாக.

அறுபத்திரண்டு முதல் எழுபத்திரண்டு வரை
ஒரே ஒரு பக்கம்.
பதினொரு வீடு, ஒரு பின்னேரம்.
ஓரத்தில் சின்ன எழுத்தில்:
"உள்ளே போகவில்லை. தம்பி படலையடியில் நின்று கேட்டார்."

தம்பி என்றால் மொழிபெயர்ப்பாளர் கதிர்காமத்தம்பி,
இங்கிலீசுப் பள்ளிக்கூட வாத்தியார்.
எங்கள் வளவுக்குள் அவர் கால் வைக்கமாட்டார்.
ஹோல்முக்குத் தமிழ் அரைகுறை.

கேள்வி: எந்தக் கிணற்றில் அள்ளுகிறீர்கள்?
பதில்: "கிணற்றைப் பற்றி இவர்களுக்கு அக்கறை இல்லை."

அன்றைக்கு வேலிக்குள்ளிருந்து
என்ன சொன்னார்கள்?
தெரியாது.
தெரியும் என்று எழுதினால்
நானும் கதிர்காமத்தம்பிதான்.

வீடு அறுபத்தெட்டு: வீரி, பெண், கூலி, வயது 30?
அந்தக் கேள்விக்குறியைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
புத்தகத்தில் அது இல்லை.
அச்சுக்குப் போன வழியில்
முப்பது, முப்பதாகிவிட்டது.
அட்டவணை நாலில், சராசரியின் வயிற்றில்
வீரி இருக்கிறாள்.
அந்த அட்டவணையை மூன்று வருசமாக
நான் வகுப்பில் படிப்பிக்கிறேன்.

நானூற்றுப் பன்னிரண்டு. கேள்வி இருபத்துமூன்று:
குடிதண்ணிக் கிணறு உங்களுடையதா?
கட்டம் வெறுமை.
பக்கத்தில் என் மாணவன் பென்சிலால் எழுதியிருக்கிறான்:
"கேட்டதுக்குச் சிரிச்சா.
தேத்தண்ணி போடட்டோ எண்டா.
நேரமில்லை எண்டு வந்திட்டன்."

சிரிப்புக்கு இலக்கம் இல்லை.
தொண்ணூற்றொன்பது அடித்தேன்.
அழித்தேன்.
அவனுடைய மற்றப் படிவங்களைத் தேடி எடுத்தேன்.
முன்னூற்றுத் தொண்ணூற்றாறில்
தேத்தண்ணி குடித்திருக்கிறான்.
நானூற்று மூன்றில் பலகாரமும்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.
நேரம் என்றுதான் சொல்லுவான்,
உண்மையாகவும் இருக்கலாம்.

ஸ்கூட்டியில் பெற்றோல் இருக்கிறது.
வெயில் கொஞ்சம் தாழட்டும்.