கழித்தது போக

குஹ்மோ ஊரில், பெட்ரோல் பங்க்குக்கு எதிர்க்கடையில்,
தூண்டில்களுக்கும் ரப்பர் பூட்ஸ்களுக்கும் நடுவே
கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கின்றன
கருப்புக் குழாய்கள்,
மூடி தொலைந்த தெர்மாஸ் குடுவைகளாக.

"எது அதிகம் அடக்கும்?" என்றேன்.
உல்யாஸ் அதற்குப் பதில் சொல்லவில்லை.
"துப்பாக்கியைக் கொண்டுவந்தீர்களா?"
உரிமத்தைப் பார்த்தான்,
அறை காலியா என்று பார்த்தான்,
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
குழல்முனையின் மரையை அளந்தான்.
"மரை பொருந்தாத சைலன்சர்
அடுத்தவர் பல்செட் மாதிரி.
குண்டுக்குத் துளை போதாவிட்டால்,
அதை நான் சொல்ல வேண்டியதில்லை."
சொன்னான், இருமுறை.

பிறகு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தான்.
அரை கிலோ.
கடைக்குள் அரை கிலோ வேறு,
சதுப்பில் எட்டு கிலோமீட்டர் நடந்த பிறகு
துப்பாக்கி மூக்கில் தொங்கும் அரை கிலோ வேறு.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்;
பாரம் எங்கே உட்கார்கிறது என்பது தெரியும்.
குழலைப் பாதி விழுங்கிப்
பின்னால் சரிந்து உட்காருவதை எடுத்தேன்.
விலை சற்று அதிகம்.

சினிமாவில் அது
பொத்திய கைக்குள் ஒரு தும்மல்.
உல்யாஸ் ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டான்:
நூற்று அறுபத்தைந்து.
அதில் இருபத்தெட்டைக் கழியுங்கள்.
"மீதியும் காதைத் தின்னும், கெர்த்து.
ஒலியை முந்தி ஓடும் குண்டு
காற்றைக் கிழித்துக்கொண்டே போகும்.
அந்தக் கிழிசல் இந்தக் குழாயைத் தாண்டி, வெளியே.
அதை யாராலும் தைக்க முடியாது."
காதுமூடியையும் பையில் போட்டான்.
அதற்கும் பணம் வாங்கினான்.

ஞாயிறு, சுடுதளம்.
முதல் மூன்று குண்டுகள்
போன வாரத்து இடத்தை விட்டு ஒரு சாண் கீழே.
என் கைநடுக்கம் என்று நினைத்தேன்.
இல்லை. மூக்கில் பாரம் ஏறியதும்
அது வேறு துப்பாக்கியாகிவிட்டது;
புதிதாய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.
குறியைத் திருத்தினேன். சரி.
ஒன்பதாவது குண்டு மறுபடி எங்கோ போயிற்று.
மரை அரைச்சுற்று தளர்ந்திருந்தது.
குண்டுகளை எடுத்துவிட்டு இறுக்கினேன்.
கையுறை இல்லாமல்.

இரண்டு வாரம் உள்ளங்கையில் சிவந்த பிறை.
பேருந்தில் ஏறும்போது ஒரு பொடியன் கேட்டான்,
"அது என்ன?"
"அவசரம்" என்றேன்.

அக்டோபர்.
ஹல்லா குரைத்த திசையில் நான் நின்றேன்,
பிர்ச் மரத்தில் தோள் சாய்த்து.
போன வருடம் ஸெப்போவின் வேட்டு ஒன்றுக்கு
வேனின் அடியில் புகுந்தவள்
இருட்டும்வரை வெளியே வரவில்லை.
பன்றி இறைச்சி காட்டியும் வரவில்லை.
அவளுக்கு யார் காதுமூடி மாட்டுவது?
கடைக்குப் போனதே அதற்குத்தான்.
உல்யாஸிடம் சொல்லவில்லை, சிரிப்பான் என்று.

மூஸ் வந்தது.
பக்கவாட்டில், ஆற அமர,
வீட்டுக்காரரைப் போல.
சுட்டேன்.

வெடித்தது, வெடிக்கத்தான் செய்தது;
ஏரிக்கு அக்கரையில் கதவு சாத்தியதுபோல
எதிரொலியும் வந்தது.
ஆனால் காடு உடனே திரும்பிவிட்டது:
கிளை முறிவது, விழும் உடலின் மூச்சு,
எல்லாம் கேட்டது.
அது கேட்குமென்று
யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.
ஹல்லா ஓடவில்லை.
ஒரு காதை மட்டும் மடக்கினாள், விரித்தாள்.
நான்தான்
காதுமூடியைக் கழற்றாமல் வெகுநேரம் நின்றேன்.

இரவு. துப்பாக்கி காலி, அலமாரிக்குள்.
குழாயைக் கழற்றிச் செய்தித்தாள்மீது நிறுத்தினேன்;
ஈரத்தோடு மாட்டியே வைத்தால்
குழலையும் சேர்த்துத் துரு தின்னும்.
கருப்பாய் ஒரு சொட்டு
விளையாட்டுப் பக்கத்தில் இறங்கியது.

ஸெப்போ கேட்டார்:
"சத்தம் எப்படி?"
இருபத்தாறு வருடம்
குழாயும் மூடியும் இல்லாமல் சுட்டவர்.
"உங்களுடையதைவிடக் குறைவு" என்றேன்.

அவர் இடது காதை
என் பக்கம் திருப்பினார்.
"என்ன?"