ஆறு சென்டிமீட்டர் தண்ணீர்

"ஒரே மூச்சில் பிஷ்கெக் போய்விடலாம்" என்ற ஜெங்கிஷ்
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பெகிமாய்க்கு ஐந்து மாதம்.
ஒவ்வொரு இழுப்புக்கும்
விலாவிடுக்கில் குழி விழுகிறது.
மூக்கிலிருந்து போகும் குழாயின் மறுமுனை
ஒரு பழைய சலைன் பாட்டிலில்
ஆறு சென்டிமீட்டர் முங்கியிருக்கிறது.
பாட்டிலைப் படுக்கைக் கம்பியில்
என் தலை ரிப்பனால் கட்டியிருக்கிறேன்.
தண்ணீர் கொப்பளிக்கும் வரை
நுரையீரல் ஒட்டிக்கொள்ளாது.

சைரன் வேண்டாம் என்றேன்.
எனக்கு அந்தக் களக்களக் கேட்க வேண்டும்.

டோலோன் கணவாய்க்குச் சற்று முன்னே
சாலை முழுக்கக் கம்பளி.
கோடை மேய்ச்சல் முடிந்து இறங்கும் செம்மறிகள்.
ஐந்து லிட்டர் உருளை, முள் எழுபதில்,
நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்: எழுபது நிமிடம்.
மாற்று உருளை இருக்கும் கொச்கோருக்கு ஒரு மணி நேரம்.
மிச்சம் பத்து நிமிடம்;
அதைத்தான் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ஹாரன் அடிக்க அடிக்க
இன்னும் நெருங்கி நின்றன.
குதிரையிலிருந்து ஒருவன் ஜன்னலில் குனிந்தான்,
திட்டத்தான் வந்திருப்பான்.
பாட்டிலைப் பார்த்தான்.
திரும்பி ஒரு சீட்டி,
இரண்டு நாய்கள்,
மந்தைக்கு நடுவே வகிடு.
ஒரு கிடா மட்டும் அசையவில்லை.
ஜெங்கிஷ் இறங்கிப்போய்
கொம்பைப் பிடித்து மல்லுக்கட்டினான்.

உச்சியில் காற்றே இளைத்திருந்தது.
விரல் கருவியில் எண்பத்து நான்கு.
"என் முகத்தைப் பார்க்காதே,
பாட்டிலைப் பார்" என்று
சைராகுலிடம் சொல்லியிருந்தேன்.
ஒரு வளைவில் அவள்தான் கத்தினாள்:
"கொதிக்கவில்லை!"

குழாயைத் தடவினேன், மூக்கைத் தடவினேன்.
எல்லாம் சரி.
பிள்ளையின் வாய் திறந்திருந்தது,
அழுத்தமெல்லாம் அந்த வழியே ஓடிக்கொண்டிருந்தது.
சைராகுலின் சுட்டுவிரலை எடுத்து
மோவாய்க்குக் கீழே வைத்தேன்.
களக்.
கொஞ்சம் பொறுத்து
களக்களக்.

கொச்கோரில் உருளை மாற்றும்போது
முள், பூஜ்யத்துக்கு மயிரிழை மேலே.
அவள் விரலை எடுக்கவில்லை.
தேநீரை ஜெங்கிஷ்தான் அவள் வாயில் ஊற்றினான்.

பிஷ்கெக்கில் பச்சை எண்கள் ஓடும் இயந்திரம்.
யாரோ என் ரிப்பனைக் கத்தரித்தார்கள்.
பெகிமாயை உள்ளே கொண்டுபோன பிறகும்
அம்மாவின் விரல்
மடங்காமல் நீட்டியபடியே இருந்தது,
அவளுக்கே தெரியாமல்.

திரும்பும்போது ஜெங்கிஷ் ரேடியோ போடவில்லை.
தண்ணீரைக் கொட்ட மறந்திருக்கிறேன்.
கணவாய் ஏறும்போது அது
என் காலடியில் தளும்பியது.
கிடா நின்ற இடத்தில்
வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினான்.