கணீர் என்றால் போகலாம்

மகோச்சா நிலையம். மைனஸ் நாற்பத்தொன்று.
வண்டி பதினைந்து நிமிடம் நிற்கும்.
நீண்ட காம்புச் சுத்தியலோடு
சக்கரம் சக்கரமாகத் தட்டிப் போவேன்.
கணீர் என்றால் போகலாம்.
டொக் என்றால் உள்ளே விரிசல்:
பெட்டியைக் கழற்று, தூங்குகிற ஐம்பது பேரை எழுப்பு,
வாங்கிக் கட்டிக்கொள்.

அந்தக் கணீருக்கு எங்களிடம் உள்ள சொல் ஸ்வோன்.
தேவாலய மணிக்கும் அதுதான்,
கல்யாண வீட்டில் முட்டிக்கொள்ளும் கோப்பைக்கும்.
காதுக்கு இனித்தால் ராஸ்பெர்ரி ஸ்வோன்.
ஓசைக்குள் பழம் எப்படி வந்தது,
என்னைக் கேட்காதீர்கள்.
மூர்மன்ஸ்கிலிருந்து மகள் லெவ்தினா
கூப்பிட்டாலும், கூப்பிடாவிட்டாலும்,
அந்த அழைப்பு முளைத்ததும் இதே வேரில்.

பாதி கேட்டு முழுதும் பேசுகிறவனை
'ஸ்வோன் கேட்டான், எங்கே என்று அறியான்' என்போம்.
என் மைத்துனன் ஸ்தெபானை
முப்பது வருடமாக நான் அப்படித்தான் சொல்கிறேன்.

சீத்தாவில், ரயில்வே மருத்துவமனையில்,
டாக்டர் தாரிமா படிவத்தைப் புரட்டினாள்.
காதில் ஏதாவது கேட்கிறதா, ரயீசா?
இரைச்சல்? விசில்? ஸ்வோன்?
மூன்று கட்டங்கள். பேனா காத்திருந்தது.
வலது காதில் கொய்ங்ங் என்று
போன இலையுதிர் காலத்திலிருந்து
ஒருவன் கம்பி இழுத்துக்கொண்டே இருக்கிறான்.
ஒன்றுமில்லை என்றேன்.
பென்ஷனுக்கு இன்னும் பதினான்கு மாதம்.

நேற்று இரவு. பதினோராம் பெட்டி, மூன்றாம் சக்கரம்.
தட்டினேன்.
கணீர்.
கணீர்தானா?
மறுபடி தட்டினேன்.
ஓசை வந்தது, போகவில்லை.
இரும்பு பேசுகிறதா, நான் பேசுகிறேனா,
எங்கே என்று அறியேன்.

கையுறையைக் கழற்றி
உள்ளங்கையைச் சக்கரத்தில் வைத்து
இடக்கையால் தட்டினேன்.
இரும்பு ஒரு நொடி அதிர்ந்து அடங்கியது.
அல்லது அதிரவே இல்லை.
அந்தக் குளிரில் கைக்கு என்ன தெரியும்?
பிய்த்து எடுத்தபோது
ரூபாய்க்காசு அளவு தோல் அங்கேயே தங்கிவிட்டது.

கழற்றுங்கள் என்றேன் வயர்லெஸ்ஸில்.
ஐம்பது பேர் இறங்கினார்கள், போர்வையோடு,
கோழிக்கறிப் பொட்டலத்தோடு.
ஒரு கிழவர் சொன்னதை எழுத முடியாது.

காலையில் தாரிமாவுக்கு போன் போட்டேன்.
மூன்றாவது கட்டம், டாக்டர்.
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அந்த மௌனத்திலும்
வலது காதில் அவன் கம்பி இழுத்தான்.

பெட்டி பணிமனையில் நிற்கிறது.
விரிசல் இருந்ததா என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.
இருந்தது, இருந்தது, இத்தனை நீளம் என்று
விரித்த கைகளோடு
ஊரெல்லாம் சொல்லி வருகிறான்
ஸ்தெபான்.