கதவு எண் 4/117

படிவத்தில் மூன்றாவது கட்டம் முகவரி.
பெயரை எல்லோரும் உடனே சொல்லிவிடுகிறார்கள்.
வயதுக்குக் கொஞ்சம் விட்டத்தைப் பார்க்கிறார்கள்.
மூன்றாவது கட்டம் வந்ததும்
என் பேனா முனையையே பார்க்கிறார்கள்.

க.க.சாவடி தாண்டி, வாளையார்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
லாரிகளுக்குச் சீட்டு எழுதிய கடைதான்
இப்போது எங்கள் இரவுக் காப்பகம்.
பழைய பெயரைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தோம்.
மழை பெய்தால்
'கிளியரிங் ஏஜென்சி' மறுபடி எட்டிப் பார்க்கும்.

வரி மாறிய வருஷம் சாவடி மூடியது.
லாரிகள் நிற்காமல் போகப் பழகின.
நின்றுபோனவர்கள்
சீட்டு எழுதியவர், மூட்டை இறக்கியவர்,
நள்ளிரவில் புட்டு விற்றவள்.

காதர் மைதீன் ராவுத்தர்
இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த அதே அறையில்
இப்போது பாய் விரித்துப் படுக்கிறார்.
நான் உட்கார்ந்திருப்பது அவருடைய மேஜை.
"இடது டிராயர் சிக்கும், முழங்காலால் ஒரு இடி குடுங்க"
என்றார் முதல் நாள்,
விருந்தாளிக்கு வீட்டைக் காட்டுகிறவர் போல.

மாரக்காளின் நூற்பாலை பூட்டிப் பதினான்கு மாதம்.
பேருந்து நிழற்குடையில் இருந்தாள்.
ரேஷன் அட்டை கேட்டு அந்தப் பக்கம் போனால்
"அது தமிழ்நாட்டில் சோதிக்கணும்."
இந்தப் பக்கம் வந்தால்
"மில்லு கேரளாவுலதானே இருந்துச்சு?"
ஆற்றுக்கு இரண்டு கரை.
அவளுக்கு ஒன்றும் இல்லை.

பெர்னத்தம்மாள், எங்கள் டிரஸ்டின் செயலாளர்,
கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்:
"நம்ம கதவு நம்பரையே போடு."

போட்டேன்.
ஒன்று, நான்கு, பத்தொன்பது.
மதுக்கரைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டார்கள்:
"ஒரே வீட்டுல பத்தொம்பது பேரா?
என்னம்மா உறவு?"
உறவுக் கட்டத்தில் எழுதினேன்:
உடன் இருப்பவர்.
அவர் அடித்தார். மறுபடி எழுதினேன்.
நான்காம் முறை
முத்திரை மை காய்ந்திருந்தது, அதற்காகவும் காத்திருந்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்தார்கள்,
சித்திரை வெயிலில், நாற்பது கம்பளியோடு.
வாங்கும்போது சிரிக்கச் சொன்னார்கள்.
ராவுத்தர் சிரித்தார், வேர்த்துக்கொண்டே.
நானும் குறை சொல்லவில்லை.
அரிசியும் அவர்கள் கொடுத்ததுதான்.

ஆண்டறிக்கையில்
'கஞ்சிக்கோட்டில் மூவர் பணியமர்வு' என்று வரும்.
நாச்சிமுத்து பதினோராம் நாள் திரும்பி வந்து
செருப்பை வெளியே விடாமல்
கையில் பிடித்தபடி நின்றதற்கு
அதில் கட்டம் இல்லை.
"பாய் இருக்குதுங்களா?" என்றான்.
இருந்தது.

நேற்றுத் தபால்காரர் இரண்டு கொண்டுவந்தார்.

ஒன்று கட்டட உரிமையாளருடையது:
கார்த்திகைக்குள் காலி செய்யவும்.
அதை இடது டிராயரில் வைத்து மூடினேன்.
ராவுத்தர் மட்டும் பார்த்தார்.
முழங்காலைத் தடவிக்கொண்டார்,
ஒன்றும் சொல்லவில்லை.

மற்றது மாரக்காளுக்கு.
ஈரக் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து
சிவந்துபோகும்வரை துடைத்துவிட்டுத்தான் வாங்கினாள்.
கிழிக்கப் போனேன்.
"உள்ள இருக்கறத உடு கண்ணு.
மேல என்ன போட்டிருக்குதுன்னு படி."

படித்தேன்.
மாரக்காள், கதவு எண் நான்கு பார் நூற்றுப் பதினேழு...

வெளியே ஒரு லாரி நிற்காமல் போனது.
கணவாய்க் காற்று ஷட்டரை ஆட்டிற்று.

"சத்தத்துல கேக்கல," என்றாள்.
கேட்டிருக்கும்.
இருந்தாலும் இன்னொரு தரம் படித்தேன்,
கொஞ்சம் உரக்க,
அடுப்படிக்கும் கேட்கிற மாதிரி.