உப்பு விஷயம்

ரோவல் ரோட்டில் கைப்பேசிக் கடைக்கு மேல்
மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது.
நாற்காலி ஐந்து. ஆறாவதாக வருபவர்
அரிசி மூட்டைமேல் உட்கார வேண்டும்.
மூட்டை யாருடையது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

சியூ லான் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறாள்.
துவாஸ் ஆலையில் பன்னிரண்டு வருடம் மாத்திரை செய்தவள்,
காப்புரிமை விண்ணப்பத்தை
மளிகைச் சீட்டு போல விரல் வைத்துப் படிப்பாள்.
"பழைய மருந்தேதான்," என்கிறாள்.
"உப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.
அதற்கு இன்னும் இருபது வருடம்."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற மொழி என்னுடையது.
இவர்கள் இட்ட உப்பை
ஜாவாவில் ஒரு கல்லீரல்
உள்ளளவும் நினைத்துக்கொண்டிருக்கும்.

என் வேலை விலைப்பட்டியல்.
பகலில் மருந்தகக் கவுண்டரில் எண்ணித் தருகிற அதே மாத்திரை
இங்கே எவ்வளவு, டாக்காவில் எவ்வளவு,
சிலாசாப்பில் எவ்வளவு.
கட்டம் கட்டமாக நிரப்பி வந்தால்
கடைசிக் கட்டத்தில் "பாதி" என்று எழுதச் சொல்கிறாள் சுலாஸ்த்ரி.
அவள் அக்கா ஒரு மாத்திரையை உடைத்து
இரண்டு நாள் ஓட்டுகிறாள்.

சுலாஸ்த்ரிக்கு ஞாயிறு மட்டும் விடுப்பு.
ஒன்பதரைக்குள் பீஷான் வீட்டில் இருக்க வேண்டும்.
உப்பு விஷயத்தை சியூ லான் மலாயில் விளக்கி முடித்ததும்
மூட்டைமேல் இருந்தபடி கேட்டாள்:
"நான் குழம்பில் கல்லுப்புக்குப் பதில் தூளுப்புப் போட்டால்
பக்கத்து வீட்டுக்காரி இனிமேல்
என்னைக் கேட்டுத்தான் குழம்பு வைக்கணுமா?"

அதைப் பன்னிரண்டாம் பத்தியாகச் சேர்த்தோம்.
ஜகார்த்தா வழக்கறிஞர் அடித்துவிட்டார்.
மறுபடி சேர்த்தோம்.
கையெழுத்தை வைத்துவிட்டு
பேருந்துக்கு ஓடினாள், குடையை மறந்து.

நள்ளிரவு தாண்டி எட்டு நிமிடம்.
அங்கே இன்னும் பதினொன்று; கெடு முடியவில்லை.
மனு கிடைத்தது என்று ஒற்றை வரி வந்தது.
தீர்ப்புக்கு இரண்டு வருடம் ஆகலாம்.
அக்காவிடம் இருப்பது பதினேழு மாத்திரை,
உடைத்தால் முப்பத்து நாலு நாள்.
இதற்கு என் பட்டியலில் கட்டம் இல்லை.

கீழே இறங்கி, தேக்கா மூலைக் கடையில் பரோட்டா.
சால்னாவில் உப்பு மட்டு.
சியூ லான் கேட்டாள்.
கடைக்காரர் புட்டியை மேசையில் வைத்துவிட்டு
அடுத்த மேசையைத் துடைக்கப் போனார்.
பில்லில் அது இல்லை.